கேமரா துடைத்த தழும்பு

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பூனா ஆட்டோக்காரர் நீட்டும் ரேட் கார்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்து, நிஜந்தானா என்று பார்ப்பேன். ஆனால் எல்லாவற்றையும்விட நான் அதிகம் சந்தேகப்பட்டது ஃபோட்டோக்களைத்தான். அதற்குக் காரணம் இருந்தது.

என் வலது கன்னத்தில் மூன்று அம்மைத் தழும்புகள் உண்டு. சின்னக் குழிகள்தான். கண்ணாடியில் எனக்கு முதலில் தெரிவது அவைதான். தொண்ணூறுகளின் கடைசியில் வரன் பார்க்க ஆரம்பித்தபோது, பூனா கேம்ப் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் ஃபோட்டோ எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் கேட்காமலே டச்சிங் செய்து கன்னத்தை வழித்து வைத்துவிட்டார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்க வந்த மாமி, பஜ்ஜித் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கைப்பையிலிருந்து அந்த ஃபோட்டோவை எடுத்தார். ஃபோட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார். "இதுல வேற மாதிரி இருக்கே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நானே அவரை ஏமாற்றியவள் மாதிரி நின்றேன். அந்த அவமானம் ஆறவே இல்லை. அதற்குப் பிறகு ஃபோட்டோ கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றே சொல்லி, வந்த வரன்களைத் தட்டிக்கழித்தேன்.

தம்பி ஐடி வேலையில் சேர்ந்து டிஜிட்டல் கேமரா வாங்கிய வருஷம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம், அதற்குமுன் ஒரு ஃபோட்டோ அனுப்புங்கள் என்றார்கள். நான் ஒரே நிபந்தனை போட்டேன். தழும்பு தெரிந்தாகவேண்டும். ஃப்ளாஷ் கூடாது, அது முகத்தை மெழுகிவிடும்.

"டென்ஷன் ஆகாத அக்கா. ரா-ல எடுக்கறேன். ரா-ன்னா கேமரா எதையும் தொடாது, பக்கா" என்றான் தம்பி.

ஜன்னலோரம் நின்றேன். வெளியே மழை, பகலிலேயே இருட்டு. இருட்டிலும் படம் விழவேண்டும் என்று கேமராவின் ஐஎஸ்ஓவை ஏகத்துக்கு ஏற்றி எடுத்தான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா ஒரு பிரிண்ட்டைக் கையில் வைத்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கன்னம், தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. காலையில் அம்மாவும் அவனும் சமையலறையில் குசுகுசுவென்று பேசியதும், நான் உள்ளே போனதும் பேச்சு நின்றதும் ஞாபகம் வந்தன. அவள் சொல்லியிருக்கிறாள், இவன் செய்திருக்கிறான். பழைய ஸ்டுடியோவை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

"அனுப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அவன் அறைக்குள் போனேன்.

"இல்ல, இப்பதான் அனுப்பப்போறேன்."

"யார் சொல்லிடா துடைச்ச?"

"அரே, நான் எதையும் டச் பண்ணல அக்கா. நீயே பாரு."

கம்ப்யூட்டரில் அந்த ரா ஃபைலைத் திறந்தான். முதலில் அதே வழவழப்பு முகம் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் ஒரு தடவை சிலிர்த்து மாறியது. சிவப்பும் பச்சையுமாக எங்கும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே, என் கன்னத்தில் என் மூன்று குழிகள். தொலைந்த சாமான் கிடைத்தது மாதிரி இருந்தது எனக்கு.

அவனுக்கோ வேறு சந்தோஷம். ராவை அப்படியே மெயிலில் அனுப்பமுடியாதாம். அதனால் ராவுக்குள்ளேயே கேமரா தானாகச் செய்து வைத்திருக்கும் சின்னப் படத்தை உருவி பிரிண்ட் போட்டிருக்கிறான். இருட்டில் எடுத்தால் விழும் புள்ளிகளைத் துடைக்க கேமராவில் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அந்தப் படத்தை மட்டும்தான் தேய்க்குமாம், ராவைத் தொடாதாம். அதிகமாக வைத்திருந்ததால் புள்ளிகளோடு குழிகளும் போய்விட்டன. "பாரு, பர்தா நிழல்ல எவ்ளோ நாய்ஸ்" என்று திரைச்சீலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

விளக்கம் சரியாகத்தான் இருந்தது. சரியான விளக்கம் சொல்பவர்களைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். அதிகமாக வைத்தது யார்? கேமரா தானாகவா வைத்துக்கொண்டது? என் மேல் பரிதாபப்பட்டு இவன்தான் வைத்திருக்கிறான் என்று தோன்றியது. மாமி பார்த்த பார்வையைவிட அந்தப் பரிதாபம் எனக்குக் கசந்தது.

சட்டென்று மானிட்டரை அணைத்தேன். இரண்டு கன்னத்தையும் இரண்டு கையால் மூடிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்டா தழும்பு?"

"என்ன அக்கா இது?"

"சொல்லு. எந்தப் பக்கம்?"

அவன் முழித்தான். இவ்வளவு நேரம் அந்த முகத்துக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து என்னோடு ஒரே தட்டில் பிடுங்கித் தின்றவன். யோசித்து யோசித்து விரலை நீட்டி, என் இடது கையின் மேல் வைத்தான்.

அவனுக்கு நடிக்க வராது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று சொன்னால்கூடச் சிரித்துவிடுவான். இப்போது சிரிக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவன் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்க நினைத்தவனுக்கு இடம் தெரிந்திருக்கும். இவன் என் முகத்தில் அந்தக் குழிகளை ஒருநாளும் பார்த்ததே இல்லை.

"சரிதானே?" என்றான்.

"சரிதான்" என்றேன். அழுகை வந்தது. மானிட்டரைப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். புள்ளிகள் நிறைந்த படத்தை மெயிலில் அனுப்பும்படி மாற்றித் தரச்சொல்லி, அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கோயம்புத்தூருக்கு நானே அனுப்பினேன்.