இணைப்பு: எக்ஸ்ரே ரிப்போர்ட் ஒன்று

என் அக்காவின் கணவரை ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இணைப்பு' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். குடிநீர் வாரியத்தின் ரெக்கார்டு அறையில் முப்பத்து மூன்று வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவர். எதை எழுதினாலும் அடியில் 'இணைப்பு: ஒன்று' என்று போடாமல் அவருக்குக் கை நிற்காது. கல்யாணத்துக்கு முன் அக்காவுக்கு எழுதிய முதல் கடிதத்திலும் 'இணைப்பு: புகைப்படம் ஒன்று' என்று இருந்தது. புகைப்படத்தை வைக்கத்தான் மறந்துவிட்டார்.

அத்தான் ரிட்டயரான மறுவாரமே ஸ்கேனர் வாங்கினார். வீட்டில் இருந்த அத்தனை காகிதத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, குறிப்பெடுக்கும் செயலி ஒன்றில் அடுக்கிவிட்டு, இரண்டு பீரோவைக் காலி செய்து தருவதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்தார். அக்கா பீரோவுக்கு ஆசைப்பட்டாள். எட்டு மாதம் ஸ்கேனர் இருந்த அறையில் ஃபேன் போட முடியவில்லை, காகிதம் பறக்குமாம். வேர்த்து வழிந்துகொண்டே நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகளை ஏற்றினார். லேபிள்கள் மட்டும் இருநூற்று அறுபது. மருத்துவம், உடல்நலம், ஆஸ்பத்திரி, டாக்டர் சொன்னது என்று ஒரே விஷயத்துக்கு நாலு லேபிள் இருக்கிறதே என்று கேட்டேன். நாலும் வேறு வேறு என்று ஒரு மணி நேரம் விளக்கினார். கேட்டது என் தப்பு.

ஏற்றி முடித்ததும் காகிதங்களையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். பீரோக்கள் காலியாயின. நான்கூட மனசுக்குள் மெச்சினேன்.

அடுத்த மாதம் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார். பதினோரு வருடத்துக்கு முன் நிமோனியாவில் படுத்தபோது எடுத்த எக்ஸ்ரேயின் ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அன்றைக்கே இதே அளவில் புள்ளி இருந்திருந்தால் பயமில்லை. இல்லையென்றால் வியாழக்கிழமை ஊசி குத்தி, உள்ளேயிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ஐந்து வருடத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லையாம்.

அத்தானுக்குக் கவலையே இல்லை. "ஒரு நிமிஷ வேலை" என்று உட்கார்ந்தார். அது செவ்வாய்க்கிழமை காலை. புதன் மத்தியானம் வரை அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை.

எக்ஸ்ரே என்று தேடினால் என் அப்பாவின் முழங்கால் வந்தது. நிமோனியா என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. நாலு மருத்துவ லேபிளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பல் டாக்டர் கொடுத்த சீட்டெல்லாம் பத்திரமாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. எதைப் பார்த்துத்தான் தலைப்பு வைத்தீர்கள் என்று கத்திவிட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்த வீட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போடக் கூடாது. பின்பக்கத்தில் எதையாவது எழுதித் தீர்த்தாக வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டதே அத்தான்தான். ஸ்கேன் செய்யும்போது எந்தப் பக்கம் முதல் பக்கம் என்ற கேள்வி அவருக்கு வந்திருக்கிறது. ஆபீசில் கையால் எழுதிய குறிப்பு மேலே இருக்கும், அச்சடித்ததெல்லாம் இணைப்பு. அதே முறையை வீட்டிலும் கடைப்பிடித்துவிட்டார். கையெழுத்துப் பக்கத்தின் முதல் வரியை மட்டும் படித்து, தலைப்பும் லேபிளும் போட்டுவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். அதன்படி, என் பட்டச் சான்றிதழின் நகல் 'வெங்காயம் இரண்டு கிலோ'வின் இணைப்பு. அச்சைப் படித்துத் தேடும் வசதி செயலியில் இருந்தும், மங்கிப்போன காகிதங்களை அது கண்டுகொள்ளவில்லை.

"அப்ப அந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னால என்ன எழுதியிருந்துச்சு, அதைச் சொல்லுங்க" என்றேன். அத்தான் விழித்தார். இரண்டு நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

அக்கா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைக்குப் போய் எதையோ உருட்டினாள். திரும்பி வந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், "மோட்டார்னு போட்டுத் தேடிப் பாருங்க" என்றாள்.

ஒன்பது குறிப்புகள் வந்தன. ஏழாவது, 'பிளம்பிங்' லேபிளில் இருந்தது. முதல் பக்கத்தில் அக்காவின் கையெழுத்து. அத்தான் அதைத் தாண்டி அவசரமாக இணைப்புக்குப் போனார். மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஆறு மில்லிமீட்டர் புள்ளி. புது ரிப்போர்ட்டிலும் ஆறுதான். மறுநாள் டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, இது பழைய தழும்பு, ஊசியெல்லாம் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பியதும் அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தத் தலைப்பைத் திருத்த உட்கார்ந்தார். இந்த முறை முதல் பக்கத்தை முழுதாகப் படித்தார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

'மோட்டார் - பத்து நிமிஷத்துக்கு மேல ஓட விடக் கூடாது.
கரண்ட் போனா யாரைக் கூப்பிடறது?
பரண் சாவி எங்க வைக்கிறார்னு கேக்கணும். கேட்டா சந்தேகப்படுவார். தம்பியை விட்டுக் கேக்கலாம்.
கேஸ் ரெகுலேட்டர் மாட்டக் கத்துக்கணும்.
ராத்திரி தனியா இருந்து பழகணும்.
அவர் குடையை யாருக்கும் குடுக்கக் கூடாது. கொக்கியிலேயே தொங்கட்டும்.'

நிமோனியா முற்றி அவரை உள்ளே படுக்க வைத்திருந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தேதியும் போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் நான் போனபோது சிரித்துக்கொண்டே எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தவள் அவள். பரண் சாவி எங்கே என்று அத்தானிடம் கேட்கச் சொன்னதும், எதற்கு என்று நான் சிடுசிடுத்ததும் இப்போது நினைவுக்கு வந்தன.

அத்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் கத்துக்கிட்டியா?"

அக்கா திரையைப் பார்த்தாள். "எல்லாம் கத்துக்கிட்டேன். ரெகுலேட்டர் மாட்ட மட்டும் வரல. அது நீங்களே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, காலி பீரோவில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் என் சான்றிதழ் நகலைத் தேடப் போனபோது அந்தக் குறிப்பையும் திறந்து பார்த்தேன். அத்தான் தலைப்பை மாற்றவே இல்லை. மோட்டார் என்றுதான் இருந்தது. எக்ஸ்ரே இன்னும் அதன் இணைப்புதான்.