ஞாயிறு பஸ் இறங்கும், ஏறாது

கொழும்பில் மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். போன மாதம் ஓர் அறிக்கையில் ‘அன்டர்சர்வ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்து உயிரை வாங்கியது. எந்த வசதியும் எட்டாத இடத்தை ‘அன்சர்வ்ட்’ என்பார்கள். வசதி இருந்தும் தேவைக்குப் போதாவிட்டால் ‘அன்டர்சர்வ்ட்’. ஊருக்கும் சொல்லலாம், ஆட்களுக்கும் சொல்லலாம். ‘பின்தங்கிய’ என்று எழுதினால் பழி அந்த ஊர் மேலேயே விழுகிறது. வீட்டில் பேசிப் பார்க்கவும் ஆளில்லை. அறிக்கையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தையே பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ரயிலேறி, தலவாக்கலையில் தங்கினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் பஸ். இறங்கிய சந்தியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். தேயிலைக்கு நடுவில் நின்று நாலு படம் எடுத்தேன். அனுப்ப யாரும் நினைவுக்கு வரவில்லை.

திரும்பும்போது செல்வமணி அக்கா கூட வந்தார். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் வீட்டு வேலைக்குத் துபாய் போகிறாள். நானுஓயாவில் கொழும்பு ரயில் ஏறி, இரண்டு மணிக்குத் தலவாக்கலையைத் தாண்டுகிறாள்.

“ரெண்டு நிமிசம் நிக்குமாம் தம்பி. சன்னல்ல பாத்துட்டாப் போதும்.”

பாதி வழியிலேயே கீழே பஸ் ஹாரன் கேட்டது. அக்கா வளைவில் நின்று, வாயில் கையைக் குவித்து, “கூ...” என்று ஒரு கூப்பாடு போட்டார். மேலேயிருந்து ஆள் வருகிறது என்றால் இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். பஸ் நின்றது. ஓடினோம். நான் முதலில் போய்ப் படியில் கால் வைத்தேன்.

“ஒரு ஆளுக்குத்தாங்க எடம்” என்றார் கண்டக்டர்.

இறங்கிக்கொண்டேன். அக்கா ஏறினார். அடுத்த பஸ் நாலு மணிக்கு. அதுவரை மூடுபனியும் நானும்தான்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது அக்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“பாத்துட்டேன் தம்பி. கையப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் நடந்தேன்.”

“இன்னும் வீட்டுக்குப் போகலயா?”

“கடைசி பஸ்ஸு ஒண்ணரைக்கே மேல போயிருச்சுங்களே.”

ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றேன். “சந்தியோட எறக்கி விட்டுருவாங்க. அதுக்கு மேல இருட்டுல சிறுத்தப்புலி நடமாட்டம். வெய்ட்டிங் ரூம்ல இருந்துட்டுக் காலையில போறேன்.” அகராதியில் நான் தேடிய பொருள் அந்த பெஞ்சில் இருந்தது.

போக நினைப்பவர்கள் வார நாளில் போங்கள். பஸ்ஸில் ஓர் இடம்தான் இருந்தால், மேலே ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

என் ரயில் வந்ததும் அக்கா பெட்டி வாசல் வரை வந்தார். என்னை யாரும் வழியனுப்பிப் பல வருடமாகிறது. அன்று அந்த மேடையிலிருந்து அவர் கையசைத்து அனுப்பிய இரண்டாவது ஆள் நான்.