பெரிய கொடுவா எல்லாம் தாய் என்றவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோரக் குப்பத்திலிருந்து வந்த மாரிமுத்து சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: “மாமா, உங்க சண்டக்காரம்மா பூட்டாங்க. விடியக்காலம்.”

சண்டைக்காரம்மா என்றால் பாகூர் மார்க்கெட்டில் ஒருவர்தான். மீன் விற்ற தனபாக்கியம் அம்மாள். இருபது வருடத்துக்கு மேல் என் சைக்கிள் கடைக்கு எதிரே உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டவர். பஞ்சரை ஒட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதி வேலையில் எழுந்து வருகிறவனை அவருக்குப் பிடிக்காது.

அடக்கம் முடிந்த மறுநாள் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முகத்துவாரத்தின் குறுக்கே வலை கட்டியவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கொடுவா மீனைக் காப்பாற்றப் போராடிய தாய்” என்றார். உயிரோடு இருந்தபோது “பைத்தியம்” என்று சொன்ன அதே வாய். எரிச்சல் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கடையில் பொட்டலம் கட்டிவந்த பேப்பர்களைப் படித்தே எழுதக் கற்றேன். அலங்காரம் வராது. நடந்தது வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவர் கூடையைச் சுமந்து குப்பத்திலிருந்து நடந்தே வருவார். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் மீன் கழுவிய தண்ணீர் நேராக என் கடைக்குள் வரும்.

“அக்கா, தண்ணி உள்ள வருது.”

“வரட்டும்பா சைக்கிளு. உன் கடையும் கொஞ்சம் வாசமா இருக்கட்டும்.”

எங்கள் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது.

கொடுவா ஆற்றிலும் கடலிலும் வாழ்கிற மீன். ஐப்பசி மழையில் பெண்ணையாறு பெருகி முகத்துவாரம் திறக்கும்போது, பெரிய மீன்கள் முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடி இறங்கும். அந்த மீனை அறுக்கும்போதெல்லாம் தனபாக்கியம் அம்மாள் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“சின்னதுல பாரு, வெள்ளையா பால் மாதிரி. ஆணு. பெருச அறுத்தா மஞ்ச முட்டை. எத்தினி வருசமா அறுக்குறேன், பெருசுல ஒரு ஆணு பாத்ததில்ல.”

“அப்ப ஆணெல்லாம் எங்க போவுது? மாமியார் வூட்டுக்கா?”

மார்க்கெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சொன்னதை விடவில்லை. “சிரிபா, சிரி. பெருசெல்லாம் தாய்தான்.”

எழுபதுகளில் நைலான் வலை வந்தது. ஐஸ் பெட்டியோடு கம்பெனி வேன் வந்தது. எடைக்கு விலை என்றதும், ஐப்பசியில் ஆற்றின் வாயையே குறுக்கே அடைத்து வலை கட்டினார்கள். கட்டியவர்களில் அவருடைய கொழுந்தனார்களும் உண்டு. தனபாக்கியம் அம்மாள் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சினைக் கொடுவாவைக் கையால் தொடமாட்டேன் என்றார். கேட்டு வந்தவர்களை மத்தி வாங்கிப்போகச் சொன்னார். அவர்கள் பக்கத்துக் கூடையில் கொடுவாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அவரைப் பார்த்து இளிக்கவும் செய்தார்கள்.

பிறகு என்னிடம் வந்தார். “ஒரு மனு எழுதுபா. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் ஆத்து வாயில வலை கட்டக்கூடாது. அவ்ளோதான்.”

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வலையையே எடுக்கச் சொன்னால் மீன்துறை ஆபீஸில் யார் கேட்பார்கள்? சின்ன மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனை மட்டும் பிடிக்கட்டும் என்றால் நியாயமாக இருக்கும், குஞ்சு பிழைக்கும் என்று நினைத்தேன். அப்படியே எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானும் படித்துக் காட்டவில்லை.

இருவரும் பஸ் ஏறிப் போனோம். தொடமாட்டேன் என்றவர், காட்டுவதற்காகவே கூடையில் ஒரு கொடுவா கொண்டுவந்திருந்தார். அதிகாரி மேசைக்கு முன்னாலேயே, தரையில் வைத்து அறுத்தார். பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

“பாருங்க சார், முட்டைய. இதப் புடிச்சா நாளைக்கு ஆத்துல இன்னா இருக்கும்?”

அதிகாரி மீனைப் பார்க்கவில்லை. என் மனுவைப் பார்த்தார். “பெரியவர் தெளிவாக எழுதியிருக்கிறாரே. சின்னதை விடுங்கள், பெரியதைப் பிடியுங்கள். நல்ல யோசனை” என்றார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு உத்தரவும் அப்படியே வந்தது. வலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “தாயப் புடிச்சிக்கோ, புள்ளைய வுட்டுடுன்னு எழுதியிருக்கியே. நீயெல்லாம் பேப்பர் படிச்சு இன்னாபா பிரயோசனம்?”

நான் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் பெரிய கொடுவா குறைந்துகொண்டே வந்தது. கம்பெனி வேன் வேறு ஊருக்குப் போயிற்று. வலை மட்டும் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மீன் படிப்புப் படித்த ஓர் இளைஞர் என் கடையில் காற்றடிக்க நின்றார். பேச்சுவாக்கில் சொன்னார்: “கொடுவா பெரும்பாலும் ஆணாத்தான் வளரும், ஐயா. பெருசான பிறகு பொண்ணா மாறிடும்.” பம்பைக் கீழே வைத்தேன். எதிரே தனபாக்கியம் அம்மாள் சங்கரா மீனைச் செதிலெடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொன்னேன்.

“இப்பதான் தெரியுதா? சரி, புதுசா எழுது. மொதல்ல எழுதினது தப்புன்னு எழுது.”

“தப்புன்னு எதுக்கு? கூடுதல் கோரிக்கைன்னு எழுதறேன்.”

“கூடுதலும் வேணாம், கொறைச்சலும் வேணாம். தப்புன்னு எழுதினாத்தான் அந்த உத்தரவ எடுப்பாங்க. உன் மானம் பெருசா, ஆறு பெருசா?”

முடியாது என்றேன். அவர் என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். தலைகீழாக நின்ற சைக்கிளின் செயின் மையில் கட்டைவிரலைத் தேய்த்து, தாளின் அடியில் அழுத்தினார். “நான் வெச்சிட்டேன். மேல எழுத வேண்டியது நீ. எப்ப கை வருதோ அப்ப எழுது.”

கை வரவில்லை. நானும் பிடிவாதக்காரன்தான். இரண்டு ஐப்பசி போயிற்று. அவர் அப்புறம் கேட்கவே இல்லை. அதுவும் எனக்குக் கோபம். எல்லாவற்றுக்கும் கத்துகிறவர், இதற்கு மட்டும் ஏன் கத்தாமல் இருந்தார்?

நேற்று அந்தத் தாளை டிராயரிலிருந்து எடுத்தேன். கைநாட்டு கறுப்பாக, அழுத்தமாக இருக்கிறது. மடிப்பில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. மேலே எழுதினேன். முதல் வரி: “முன்பு நான் கொடுத்த மனு தவறு.” இரண்டாவது வரி: “தனபாக்கியம் அம்மாள் சொன்னது சரி.” அதன் பிறகுதான் ஐப்பசி, கார்த்திகை, ஆற்று வாய், வலை எல்லாம். கைநாட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

செத்தவர் கைநாட்டு செல்லாது என்று ஆபீஸில் சொல்வார்கள். சொல்லட்டும். செல்லும் என்கிற வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இரங்கல் கூட்டத்தில் அழுதவர்கள் வந்து கையெழுத்துப் போடட்டும், பார்க்கலாம்.

நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வலை இன்னும் குறுக்கேதான் கிடக்கிறது. நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். போய் வாருங்கள், அக்கா. ஒரு வாரமாக என் கடைவாசல் காய்ந்து கிடக்கிறது.