மிஷின்கள் வந்த வழி

சாக்ஸ் கம்பெனியில் அவளை எல்லோரும் மிஷின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி உடைந்தாலும் நூல் சிக்கினாலும் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். புருஷன் விட்டுப்போன பிறகும் அந்த வேலைதான் கைகொடுத்தது. தம்பியைப் படிக்கவைத்து, அங்கேயே பேக்கிங்கில் சேர்த்தும் விட்டாள்.

ஒருநாள் மேனேஜர் கேன்டீனில் நாற்காலி மேல் ஏறி நின்று, கம்பெனியை மூடப்போவதாகச் சொன்னார். கூலி குறைவான வேறொரு நாட்டுக்கு மிஷின்கள் போகின்றன. அவற்றைப் பிரித்துக் கட்டும்வரை சிலருக்கு வேலை உண்டு. அக்கா ஒப்புக்கொண்டாள்.

மிஷின்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த நாட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். பாஷை தெரியாததால் இருவரும் கைஜாடையிலேயே பேசிக்கொண்டார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் போவதில்லை.

"நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட வந்திருக்கான். அவனுக்கு நீ பாடம் வேற எடுக்கிறியா?" என்றான் தம்பி.

பழைய மிஷின் ஒன்றின் பின்மூடியைக் கழற்றியபோது, உள்ளே ஒட்டியிருந்த ஒரு போட்டோவை அந்த மெக்கானிக் விரலால் காட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். கீழே இருவருக்குமே புரியாத ஏதோ அந்நிய எழுத்து. அக்காவுக்கு அது புதிதில்லை. இந்த மிஷின்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கிய நாளில் கிரீஸைத் துடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் குழந்தைக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தது ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் யாரென்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது போய், அந்தப் பெண் யார், மிஷின்கள் எங்கிருந்து வந்தன என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"வெளிநாட்டுல முன்னாடி இதை ஓட்டின யாரோ பொம்பளையா இருக்கும். அங்கயும் இதே கதைதாம்மா. கூலி கட்டுப்படியாகலைன்னு மூடினாங்க. அதனாலதான் இங்க திறந்தாங்க" என்றார் அவர், தலையைக்கூடத் தூக்காமல்.

அக்கா அந்த மிஷினிடமே திரும்பி வந்தாள். தன் அதிர்ஷ்டம் என்று இத்தனை வருஷமாய் நினைத்திருந்த வேலை, அந்தப் பெண் வீட்டில் அடுப்பணைந்த பிறகு வந்தது.

சாயங்காலம் தம்பியிடம் போட்டோ விஷயத்தைச் சொன்னாள். "அந்தப் பொம்பளை வேலையை நானாடா பிடுங்கினேன்? அவ இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. இந்த ஆளும் அப்படித்தான். கூலி எங்க கம்மியோ அங்க மிஷின் போகுது. நாளைக்கு இவர்கிட்ட இருந்தும் போகும்."

"அப்ப யாரைத்தான் அடிக்கிறது?" என்றான் தம்பி.



கடைசி லோடு ஏறுவதற்கு முந்தின நாள், வேலை முடிந்து வெளியே வந்த மெக்கானிக்கை நாலு பேர் மடக்கினார்கள். அலறல் கேட்டு அக்கா ஓடினாள். அவருடைய வலது கையைத் தரையில் அழுத்திப் பிடித்து இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பி தம்பியின் கையில் இருந்தது.

போலீஸ் வந்தது. கேட்டருகே நின்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். அக்கா மட்டும் பார்த்ததைச் சொன்னாள். தம்பி பெயரையும் சொன்னாள். 

மறுநாள் மிஷின்கள் போயின. சில வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, விரல்கள் மடங்காத கையோடு அந்த மெக்கானிக்கும் ஊர் திரும்பினார். அவருக்கு அங்கே வேலை இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

தம்பிக்கு ஜெயில். "கூடப் பிறந்தவளா நீ?" என்று தம்பி மனைவி கதவைச் சாத்திவிட்டாள்.

கம்பெனிக் கட்டடம் இப்போது ஒரு குடோன். அங்கே மூட்டை தூக்க வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாம் அவர்களால்தான் கெட்டது என்று தெருவில் பேச்சு. அக்கா மிஷின்கள் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து நழுவிவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கிறாள். லீவு கிடைக்கும்போது ஜெயிலுக்குப் போகிறாள். தம்பி பார்க்க வருவதில்லை. கொண்டுபோன சோப்பையும் துண்டையும் வார்டனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறாள்.