நிறுத்தி வைத்த வண்டிக்காரர்களின் பெஞ்சு

டெக்சாஸில் நான் குடியிருக்கும் ஊரிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வாரத்துக்கு இரண்டு தடவை ஓர் எல்லையைக் கடக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் எல்லையே கிடையாது. மெக்சிகோ எனக்குப் பின்னால் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. முன்னால் பின்னால் எங்கே பார்த்தாலும் அமெரிக்காதான். ஆனாலும் முள்மரக் காட்டுக்கு நடுவே கூரை போட்டு ஒரு செக்போஸ்ட் வைத்திருக்கிறார்கள். நாய் ஒன்று காரைச் சுற்றி வரும். பச்சைச் சட்டை போட்ட அதிகாரி குனிந்து, "யூ.எஸ். சிட்டிசன்?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டை நீட்டுவேன். அவர் தாளைப் புரட்டுவார், முகத்தைப் பார்ப்பார், போகச் சொல்லுவார். நான் பிசியோதெரபிஸ்ட். வடக்கே ஒரு கிளினிக்கில் கிழவர்களின் முழங்காலை மடக்கி நீட்டுவதற்காக இத்தனை பாதுகாப்பையும் தாண்டிப் போகிறேன்.

செக்போஸ்ட்டைப் பார்த்து நான் பயந்ததில்லை. பயந்திருக்க வேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் புளியறைக்காரி. கேரளத்துக்குப் போகும் சாலையில், சோதனைச் சாவடிக்கு நேர் எதிரே அப்பாவின் சாப்பாட்டுக் கடை. வைக்கோல், காய்கறி, பாறைப்பொடி என்று எதை ஏற்றிப் போனாலும் வண்டி அங்கே நிற்கும். காகிதம் சரியில்லை என்று ஓரங்கட்டப்பட்ட வண்டிக்காரர்களுக்காகவே அப்பா வாசலில் ஒரு நீல பெஞ்சு போட்டிருந்தார். அதில் வந்து உட்கார்கிறவருக்குக் கேட்காமலே ஒரு டீயும் ஒரு தட்டு நேந்திரங்காய் சிப்ஸும் போகும். சாவடி ஏட்டையாவுக்கும் அதே தட்டு. இதை லஞ்சம் என்று யாரும் நினைத்ததில்லை. நிற்கிறவனுக்கும் பசிக்கும், நிறுத்துகிறவனுக்கும் பசிக்கும் என்பது அப்பாவின் கணக்கு.

அந்தக் கணக்கோடு அமெரிக்கா போனவள் என்ன செய்வாள்? முதல் தடவை அந்த முள்காட்டுச் சாவடியில் கார் நின்றதும், கடவுச்சீட்டோடு ஒரு பாக்கெட் சிப்ஸையும் சேர்த்து நீட்டினேன். அதிகாரி ஓரடி பின்வாங்கினார். இது என்ன என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அடுத்த நிமிடம் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். நாய் வந்தது. பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அது மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டியது. வயதான ஓர் அதிகாரி வந்து, அரசாங்க ஊழியருக்கு எதற்காகப் பொருள் கொடுத்தாய் என்று விசாரித்தார். நான் புளியறையைப் பற்றிச் சொன்னேன். நீல பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். உன் அப்பா கடத்தல்காரர்களுக்கு உதவி செய்கிறவரா என்று கேட்டார். அப்பாவைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்து, இங்கே காகிதத்தை மட்டும் நீட்டு, வேறெதையும் நீட்டாதே என்று சொல்லி விட்டுவிட்டார்.

பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சாவடி அலுவலகத்தின் சுவரில் ஜனாதிபதி படம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் வந்தபோது இருந்தவர் இனிமையாகப் பேசினார். சிறு பிள்ளைகளாக வந்தவர்கள் இருந்துகொள்ளட்டும் என்றார். அதே சமயம் சத்தமில்லாமல் ஏராளமானவர்களைத் திருப்பியும் அனுப்பினார். அடுத்து வந்தவர் சத்தத்தோடு வந்தார். சுவர் கட்டுவேன் என்றார், சில நாட்டுக்காரர்கள் வரவே கூடாது என்றார், தொற்றுக்காலத்தில் எங்களைப் போன்றவர்களின் புது விசாவையும் நிறுத்திவைத்தார். மூன்றாமவர் முதல் நாளே சுவர் வேலையை நிறுத்தினார். வாசல் திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவில்லை. எல்லையில் கூட்டம் கூடியதும் போகப் போக அவர் கையும் இறுகியது. இப்போது இரண்டாமவரே திரும்ப வந்திருக்கிறார். சுவர் வேலை மறுபடி நடக்கிறது. புது விசாவுக்கு மலைக்க வைக்கும் கட்டணம், நேர்காணல் எல்லாருக்கும் கட்டாயம், முகநூலில் என்ன எழுதினாய் என்பது வரைக்கும் பார்க்கிறார்கள். கிளினிக்கில் எனக்கு வாடிக்கையான இரண்டு கிழவர்கள் இதைப் பற்றி வாரம் தவறாமல் சண்டை போடுவார்கள். ஒருவர் மூன்றாமவர் நாட்டையே திறந்துபோட்டுவிட்டார் என்பார். மற்றவர் இப்போதிருப்பவர் நாட்டையே பூட்டிவிட்டார் என்பார். இருவருக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான், திறந்திருந்தபோதும் பூட்டியபோதும் அதே ஹெச் ஒன் பி வேலை விசாவில்தான் இருக்கிறேன்.

அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னால் அவருக்கு ஆச்சரியமே வராது. ஆட்சி மாறினால் புளியறைச் சாவடியில் போர்டு மாறும், பறவைக் காய்ச்சல் வந்தால் டயருக்கு மருந்தடிப்பார்கள், ஜிஎஸ்டி வந்தபோது வரி அலுவலகத்தையே மூடினார்கள். இனிமேல் வண்டி நிற்காது, கடை அவ்வளவுதான் என்று அன்றைக்கு அப்பாவே கலங்கிவிட்டார். வண்டி நிற்பது நிற்கவில்லை. "போர்டுல எழுத்துதாம்ட்டி மாறுது. பெஞ்சு காலியா இருந்த நாளு உண்டுமா, சொல்லு" என்பார்.

ஏழு வருடம் நான் ஊருக்கு வரவில்லை. காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நாட்டுக்குள் இருக்கும் வரை காகிதம் செல்லும். வெளியே கால் வைத்தால், திரும்பி வரக் கடவுச்சீட்டில் புது விசா முத்திரை வேண்டும். அது கிடைக்காவிட்டால் வீடு, வேலை, புருஷன், அங்கேயே பிறந்த ஏழு வயது மகள் அமுதா எல்லாம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். இந்த வருடம் தம்பிக்குக் கல்யாணம் குறித்தார்கள். அக்காள் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். போகாதே என்று வக்கீல் சொன்னார். போய்விட்டு வா என்று கணவர் சொன்னார். நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கிளம்பினேன்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அதற்குப் பிறகு சென்னையில் நேர்காணல். இரண்டே கேள்வி கேட்டார்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தகவல் வரும் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். எத்தனை நாள் என்று அதில் இல்லை.

தாளும் கையுமாக ஊருக்கு வந்து இறங்கினேன். அப்பா கடையில்தான் இருந்தார். நான் வழக்கம்போலக் கல்லாப் பக்கம் போகப் பார்த்தேன். தோள் துண்டால் நீல பெஞ்சைத் தட்டிவிட்டு, "இங்கன இரிட்டி" என்றார். டீ வந்தது. ஒரு தட்டு சிப்ஸ் வந்தது. அந்தக் கடையில் வளர்ந்த எனக்கு, அந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பது அன்றுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாள் பக்கத்தில் ஒரு நாமக்கல் டிரைவர் வந்து உட்கார்ந்தார். வைக்கோல் பாரம் உயரமாக இருக்கிறது என்று அவரை நிறுத்திவிட்டார்களாம்.

"உங்க வண்டியும் நிக்குதுங்களா?" என்றார்.

"ஆமாண்ணாச்சி. காகிதத்தை வாங்கி வச்சிக்கிட்டாவ."

"என்ன லோடுங்க?"

என்ன சொல்வது? "ஆள்தான்" என்றேன். பஸ் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. பொம்பளைப் பிள்ளை பெரிய வண்டி ஓட்டுவது நல்லதுதான் என்று மனதாரப் பாராட்டினார். மறுக்க மனம் வரவில்லை.

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்காதே என்று தம்பியும் அவன் பெண்டாட்டியும் என்னைக் குற்றாலத்து ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நல்ல சாரல். அருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு அத்தனை ஜனமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் கோபமில்லை. ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் எதிரே செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்ததும் காவலர் விசிலடித்துக் கயிற்றை அவிழ்த்தார். நாட்டுக்கு வேலி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சாவடிச் சோறு தின்று வளர்ந்தவள் அதைச் சொல்லவும் கூடாது. ஆனால் எந்த ஜனாதிபதியாவது, காரணத்தை இப்படிக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டு நிறுத்தினால் எத்தனை வருடமானாலும் நிற்கலாம் என்று தோன்றியது. அப்புறம் அருவியில் தலையைக் கொடுத்தேன். ஜனாதிபதிகள் நால்வரும், இல்லை மூவரும், கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோனார்கள்.

இரண்டாவது வாரம் பிற்பகலில், பெஞ்சில் இருக்கும்போதே குறுஞ்செய்தி வந்தது. முத்திரை குத்தியாகிவிட்டது, கடவுச்சீட்டை வந்து வாங்கிக்கொள்ளலாம். அங்கே விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது என்றாலும் கணவரை எழுப்பிச் சொன்னேன். அம்மா வருகிறாள் என்று தூக்கக் கலக்கத்தில் அமுதா கத்தியது ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது. அப்பா டீ ஆற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்னட்டி, விட்டுட்டானா?"

"விட்டுட்டாம்ப்பா."

அவர் தலையாட்டினார். சந்தோஷப்பட்டார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டார்தான். ஆனால் ஆற்றிய டீயையே மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார். வண்டியை விட்டபின் யாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு ஒரு பொட்டலம் சிப்ஸைக் கட்டி என் மடியில் வைத்தார். "அந்த நாய்க்காரனுக்கு நீட்டிராத. நீயும் பிள்ளையும் தின்னுங்க" என்றார்.

நாமக்கல்காரர் திரும்பும் வழியில் அன்றைக்கு மறுபடி டீக்கு வந்திருந்தார். என் வண்டியை விட்டாச்சு என்றதும் அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி.

"எந்தப் பக்கம் போற வண்டிங்க? மேற்கையா, கிழக்கையா?" என்று கேட்டார்.

மேற்கே மலை. அதற்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையம், கடல், அமுதா. கிழக்கே செங்கோட்டையும் தென்காசியும், கடவுச்சீட்டு காத்திருக்கும் சென்னையும். நடுவில் அப்பா, கையில் இரண்டாவது டீயோடு. வாங்கிக்கொண்டு, போக அனுமதி கிடைத்த பிறகும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து மெதுவாகக் குடித்தேன்.