ஏழாம் வளைவின் ஈரம்

மல்லாட்டை ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார் நேமிகுமார். "பதினொண்ணு," என்கிறார். மூட்டை இறக்கிய வல்லத்து விவசாயிக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைமேல் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது. அதில் பருப்பைப் போட்டால் பதினொன்று புள்ளி இரண்டு காட்டுகிறது. "அந்தப் புள்ளி ரெண்டு மெஷினுக்கு வேர்த்தது," என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டைக்குள் முழங்கைவரை கையை விடுகிறார்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையை ஒட்டி அவருடைய கடலை மண்டி; அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். சொந்த ஊர் தொண்டூர், வயது ஐம்பத்திரண்டு. சமணக் குடும்பம் என்பதால் ஊரில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் 'நயினார்'. வெங்காயம், உருளை, கேரட் என்று மண்ணுக்குள் விளைவது எதையும் தொடமாட்டார். அப்படியானால் மண்ணுக்குள் விளையும் மல்லாட்டையை மட்டும் விற்கலாமா என்று கேட்காத ஆள் மார்க்கெட்டில் இல்லை. அவருக்கும் பதில் சொல்லி அலுக்கவில்லை. "அது கெழங்கு இல்லப்பா, காயி. வெக்கப்பட்டுக்கினு மண்ணுக்குள்ள போயி ஒளிஞ்சிக்குது, அவ்ளோதான்."

பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார் என்பது இன்னொன்று. மனைவி தர்மவதி கட்டிக்கொடுக்கும் டப்பாவை மாலை வெளிச்சம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். தவறினால் மறுநாள் காலைவரை பட்டினிதான். ஆனால் மூட்டைக்குள் கைவிட்ட மனிதருக்கு நேரம் எங்கே தெரியும்? அதற்கென்றே மண்டியில் ஒரு கடிகாரம் உண்டு. மீனம்பாள் என்று பெயர். பதினான்கு வருஷமாக அங்கே முறமும் கையுமாக உட்கார்ந்து சொத்தைப் பருப்பு பொறுக்குகிறவர். தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுப்பார்: "நயினாரே, பொழுது போவுது." உடனே டப்பா திறக்கும். மேகம் மூடிய நாளில்கூட மீனம்பாள் கணக்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே போனதில்லை.

இத்தனை பொறுமைசாலிக்கு ஒரு பைத்தியம் இருப்பதுதான் வேடிக்கை. நேமிகுமாருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு மொபெட் வைத்திருக்கிறார். முப்பதைத் தாண்டினால் கண்ணில் தண்ணீர் வருகிறதாம். முன்னால் கரும்பு டிராக்டர் போனால் அது திரும்பும்வரை பின்னாலேயே ஊர்ந்து போவார். அப்படிப்பட்டவர் வருஷத்துக்கு ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, சென்னைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலுக்குப் போகிறார்.

பதினோரு வருஷத்துக்கு முன் எண்ணெய் ஆலைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர், மதிலுக்கு அந்தப் பக்கம் வந்த சத்தத்தை இன்னதென்று பார்க்க எட்டிப்பார்த்தார். ஓட்டுகிறவர்களுக்கு எச்சரிக்கைக் கொடி காட்ட ஆள் குறைகிறது, நிற்கிறீர்களா என்று யாரோ கேட்டார்கள். அன்று நின்றவர்தான். சம்பளம் கிடையாது. ஒரு சட்டை, ஒரு மழைக்கோட்டு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். பொட்டலத்தில் உருளைக்கிழங்கு இருக்கும் என்பதால் அதுவும் பக்கத்து ஆளுக்குப் போய்விடும். "வண்டி மேல அவ்ளோ ஆசையா?" என்று கேட்டால் சிரிக்கிறார். "வண்டிய எவன் பாத்தான்? நான் தரைய இல்ல பாத்துக்கினு இருக்கிறேன்."

பொய்யில்லை. அவருடைய இடம் ஏழாம் வளைவு. மற்ற கொடிக்காரர்கள் இட்லியைத் தேடிப் போகும் நேரத்தில், இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தி, தார்ச்சாலையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டிருப்பார். பாய்ந்து போகும் வண்டிக்கு எங்கே பிடிமானம், எங்கே வழுக்கல் என்று அந்தக் கை அறிந்துவைத்திருக்கிறது. மழை பெய்தால் வேலை இரட்டிப்பு. நத்தையும் மண்புழுவும் தவளையும் பாதைக்கு வந்துவிடும். விளக்குமாற்றின் நுனியால், தூங்கும் பிள்ளைமேல் போர்வை இழுப்பதுபோல, ஒவ்வொன்றாய் ஒதுக்கிப் புல்லில் விடுவார். தவளைக்குக் காவல் நிற்கிறார் என்று அங்கே கிண்டல் செய்கிறார்கள். "அதுவும் கிராஸ் பண்ணத்தானே வருது? அதுக்கு மட்டும் கொடி காட்டக் கூடாதா?" என்கிறார்.

போன நவம்பரில் சாம்பியன்ஷிப்பின் கடைசிப் போட்டி நடந்த அன்று, இந்தக் கைதான் ஊரையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டது.

முன்வரிசையில் இருந்தவன் எழில். நம் மீனம்பாளின் மகன். இருபத்து மூன்று வயது, திண்டிவனத்தில் வண்டி சர்வீஸ் செய்யும் வேலை. சம்பளம் முழுவதையும் டயராகத் தேய்த்துத் தீர்க்கிற ஜாதி. மண்டி மூட்டைகள்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பையன். அன்று அவன் முதலாவதாக வந்து முழுப் புள்ளியும் கிடைத்தால் பட்டம் அவனுக்கு. மொத்தம் பன்னிரண்டு சுற்று. மழையால் நிறுத்தினாலும், எட்டுச் சுற்று முடிந்திருந்தால் முழுப் புள்ளி உண்டு. அதற்குமுன் நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டமுடியாமல் போனால் பாதிதான். பாதிப் புள்ளிக்குப் பட்டம் வராது. செஞ்சியில் எழிலின் நண்பர்கள் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. அவன் படம் போட்டு, 'சாம்பியன்' என்று பெரிய எழுத்தில் சனிக்கிழமையே பேனர் அடித்துச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

மதியம் முழுவதும் கொட்டித் தீர்த்த மழை, போட்டி தொடங்கியதும் மெலிந்து, ஆறாவது சுற்றில் சுத்தமாக நின்றது. எழில் நான்கு வண்டி நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பார்வையாளர்கள் குடையை மடக்கிவிட்டுக் கூச்சலிட்டார்கள். நேமிகுமார் மட்டும் திரும்பி மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மேடான உழவு நிலம். களத்தில் மல்லாட்டை காயவைத்தவனுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் உண்டு. மழை விட்டது என்று எல்லாரும் தார்ப்பாயை உருவுவார்கள். பத்து நிமிஷம் கழித்து மேட்டுத் தண்ணீர் ஓசையில்லாமல் வந்து மூட்டைக்கு அடியில் புகும். "மழையில நனைஞ்ச மூட்டையவிட மழை விட்டப்புறம் நனைஞ்ச மூட்டைதான் ஜாஸ்தி," என்று மண்டியில் அடிக்கடி சொல்வார்.

மதிலடியில் கசிந்த தண்ணீர் முதலில் தெளிவாக இருந்தது. பிறகு சிவந்தது. ஓரத்துக் கோட்டுக்கு வெளியே கை வைத்தார். தண்ணீர் இல்லை, மண். நெய்போல மெல்லிசாக, வளைவின் உட்பக்கம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தரை வழுக்குகிறது என்று சொல்லும் மஞ்சள் சிவப்புப் பட்டைக் கொடியைக் காட்டினார். எழில் வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் கடந்தான். ஜெயிக்கப் போகிறவன் எவன் குறைப்பான்? நேமிகுமார் வாக்கிடாக்கியை எடுத்தார்.

"ஏழாம் வளைவு. மேலேருந்து மண்ணு எறங்குது. நிறுத்துங்க."

கட்டுப்பாட்டு அறையில் விநாயகம் என்பவர். நல்ல மனிதர். "நேமி சார், மழைதான் நின்னுடுச்சே. இன்னும் ரெண்டு ரவுண்டு போனா எட்டு முடிஞ்சிடும். உங்க ஊர்ப் பையன் வேற. நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

இரண்டு சுற்று என்பது நான்கு நிமிஷம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். முறத்தின்மேல் குனிந்த மீனம்பாளின் தலை கண்முன் வந்து நின்றது. சொந்த மச்சான் மூட்டைக்குக்கூட அரைப் புள்ளி குறைத்துச் சொல்லாத மனிதர் அவர். ஆனாலும் அன்று இன்னொரு தடவை குனிந்து மண்ணில் கை வைத்துப் பார்த்தார். வண்டிகள் எதிர்க்கோடியில் திரும்பும் சத்தம் கேட்டது.

"நிச்சயம்," என்றார். "கையில இருக்குது."

திடலெங்கும் சிவப்புக் கொடி எழுந்தது. வண்டிகள் தணிந்து ஊர்ந்து போயின. எழில் ஏழாம் வளைவைக் கடக்கும்போது தலையைத் திருப்பி, கண்ணாடி மூடிய முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டே போனான். கால்மணி நேரத்தில் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. போட்டி அத்தோடு சரி. பாதிப் புள்ளி. பட்டம் கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போயிற்று.

யாரும் விழவில்லை. அதுதான் வினையாகிப் போனது. ஒருவனாவது சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் நயினார் தீர்க்கதரிசி ஆகியிருப்பார். விழாதபடி நிறுத்தியதால், வீணாக நிறுத்தியவர் ஆகிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? "ரெண்டு ரவுண்டு கண்ண மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று டீக்கடையில் அவர் காதுபடவே கேட்டார்கள். 'சாம்பியன்' பேனர் மீனம்பாள் வீட்டு ஒழுகும் கூரைக்குப் போயிற்று, மகன் முகம் கீழே பார்க்கும்படி.

வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்குள் அந்தக் கேள்வி அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் தர்மவதியிடம் கேட்டார்: "யாரும் விழலன்னா, நான் சொன்னது சரியா தப்பான்னு எப்டித் தெரியும்?"

தர்மவதி புளி கரைத்துக்கொண்டே சொன்னார்: "விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அது தேவலாமா?"

மீனம்பாள் வேலையை விடவில்லை. திங்கட்கிழமை வந்தார், முறத்தை எடுத்தார், உட்கார்ந்தார். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "ஒங்க கையி பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும் நயினாரே. அந்த ஒரு நாளு சொல்லியிருக்கக் கூடாதா?" அன்று மாலை பொழுது போனது. மீனம்பாள் குரல் கொடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. கடிகாரம் நின்றுவிட்டது. ஐந்து வாரத்தில் பாதி நாள் டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. கைப்பேசியில் மணியடிக்க வைத்துக்கொள்ளலாமே என்று தர்மவதி திட்டினார். அவர் வைக்கவில்லை. பசித்த வயிறோடு படுக்கப் போவது ஒருவகையில் அவருக்கு வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது.

டிசம்பரில் ஒரு மாலை. இரண்டு மணிநேரம் அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மாவைக் கூட்டிப்போக எழில் வண்டியில் வந்தான். மண்டிக்கு முன்னால் சிமெண்டுக் களம், அதற்கு மேல்புறம் செம்மண் மேடு. மேட்டிலிருந்து சிவந்த தண்ணீர் இறங்கி, களத்தின்மேல் மெல்லிசாகப் படர்ந்துகொண்டிருந்தது. எழில் வாசலில் வண்டியை நிறுத்தினான். காலை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்து, இறங்கி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கால் தரையில் உரச வளைவுகளில் பறக்கிற பிள்ளை.

படியில் முறத்தோடு நின்ற மீனம்பாள் அதைப் பார்த்தார். உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்த நேமிகுமாரும் பார்த்தார். ராஜகிரிக் கோட்டை மலைக்குமேல் மேகம் கவிந்து கிடந்தது. சூரியன் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லமுடியாத வெளிச்சம்.

மீனம்பாள் முறத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நயினாரே, பொழுது போவுது."

நேமிகுமார் உடனே டப்பாவை எடுக்கவில்லை. மூலையில் இருந்த கூடையில் மல்லாட்டைத் தொலியை அள்ளிக்கொண்டு இறங்கி, படியிலிருந்து எழிலின் வண்டிவரை சேற்றின்மேல் தூவினார். குந்தி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மீனம்பாள் அதன்மேல் நடந்து போய் வண்டியில் ஏறி உட்காரும்வரை நின்றார். பிறகு அவசர அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து டப்பாவைத் திறந்தார்.