முந்த வேண்டிய லிவர்

எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது பர்கூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். குடியிருந்தது கிருஷ்ணகிரியில். ஐம்பதுகளில் அந்தப் பக்கம் பள்ளி நேரத்துக்குப் போய்ச் சேர்கிற பஸ் கிடையாது. பர்கூரில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர்தான் தன் பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்புவார். வண்டி இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட புத்தி. கிளப்புவதற்கு உதைத்தால் திருப்பி உதைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அது கொடுத்த உதையில் அவர் கணுக்கால் பூரி மாதிரி வீங்கிவிட்டது. மாமனார் வந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஓசூர்லருந்து ஒரு ஆளு வராரு. வண்டிய வித்துடலாம். மருமவளும் வூட்டோட இருக்கட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையைப் பட்டென்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நானும் என் கணவரும் வண்டியின் முன் உட்கார்ந்தோம். பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். கிளப்பும்போது பொறி ரொம்ப முந்திவிட்டால் வண்டி உதைக்கும். அதற்காகவே ஹேண்டில்பாரில் ஒரு சின்ன லிவர் இருந்தது. கிளப்பும்போது பொறியைப் பிந்த வைக்கவும், ஓடும்போது முந்த வைக்கவும் அதைத் தள்ள வேண்டும். இந்தக் கணக்கைச் சரிசெய்வதுதான் டைமிங் வைப்பது.

அவர் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு பின் சக்கரத்தை மெல்ல உருட்டுவார். நான் பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவில், திறந்து மூடும் பாயிண்டுக்கு நடுவே, வளையல் சுற்றி வந்த மெல்லிய காகிதத்தைச் செருகி லேசாக இழுத்துக்கொண்டிருப்பேன். பாயிண்ட் திறந்து காகிதம் நழுவினால் பொறி விழுகிறது என்று அர்த்தம். அவருக்குப் பொறுமை, எனக்கு விரல். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வேலை ஆகும்.

காகிதம் இறுக்கமாக இருந்தபோதே நான் லிவரைப் பிந்துகிற பக்கம் தள்ளிப் பார்த்தேன். இன்னும் இறுக வேண்டியது, நழுவிக் கையோடு வந்துவிட்டது.

"இது தலகீழா வேல செய்யுதுங்க" என்றேன்.

"இன்னொரு தரம் தள்ளு" என்றார். தள்ளினேன். மறுபடியும் நழுவியது. பெங்களூரில் பட்டாளத்துக் கழிவுகளைக் கோத்து இந்த வண்டியை விற்ற ஆசாமி, வேறு ஏதோ வண்டியின் லிவரை மாட்டியிருக்கிறார். அதை நம்பி இத்தனை நாள் டைமிங் வைத்ததில் பொறி கண்டபடி முந்தியிருக்கிறது. லிவரை எதிர்ப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு டைமிங்கை முதலிலிருந்து வைத்தோம். இனி உதைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர்க்காரர் வந்தார். கன்னடக்காரர், பூட்ஸும் மீசையுமாக நல்ல மிடுக்கு. நான் வாசற்படியில் நின்று, "லிவர அந்தப் பக்கம் தள்ளிட்டு ஒதைங்க. இந்த வண்டிக்குத் தலகீழு" என்றேன். அவர் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ உள்ள போம்மா" என்றார் மாமனார்.

ஓசூர்க்காரரோ மற்ற வண்டிகளில் தள்ளுகிற பக்கமே லிவரைத் தள்ளி உதைத்தார். அடுத்த நொடி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். "சும்னே கொட்ரூ பேடா சாமி" என்றார். சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம். நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் படியிறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, லிவரை என் பக்கம் தள்ளி உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது.

"இத அந்தாளுகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் மாமனார்.

"சொன்னன் மாமா. நீங்கதான் என்ன உள்ள போவச் சொன்னீங்க."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

திங்கட்கிழமை காலை. அந்த வண்டியில் கியரைக் கையால்தான் போட வேண்டும் என்பதால் கால் வீங்கியிருந்தாலும் ஓட்டுவது என் கணவர், உதைப்பது நான் என்று முடிவாகியிருந்தது. டிபன் கேரியரோடு வாசலுக்கு வந்தால் வண்டியருகே மாமனார் நின்றிருந்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு லிவரை நான் சொன்ன பக்கம் தானே தள்ளி வைத்துவிட்டு, "ஒதம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது" என்றார்.